ஆறு எழுத்தா, பதினொன்றா, முப்பத்து மூன்றா?

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியில் உப்புவெளியைக் கடந்ததும் வரும் கரையோரக் கிராமம் சாம்பல்தீவு. அந்தப் பெயரில் எத்தனை எழுத்து என்று ஆரம்பப் பாடசாலைப் பிள்ளையிடம் கேட்டால், விரல் மடக்கி எண்ணி ஆறு என்று சொல்லும்: சா, ம், ப, ல், தீ, வு. கணினியிடம் கேட்டால், எந்த நிரல்மொழியில் கேட்டோம் என்பதைப் பொறுத்தே விடை வரும். ஸ்விஃப்ட் மொழி 6 என்கிறது. பைத்தான் 11 என்கிறது. சி மொழியின் ஸ்ட்ர்லென் 33 என்கிறது.

மூன்றும் பொய் அல்ல. மூன்றும் வெவ்வேறு பொருளை எண்ணுகின்றன. யூனிகோடில் ‘சா’ ஒரே குறி அல்ல. ‘ச’வுக்கு ஓர் எண், 2970. அதை அடுத்து வரும் அரவுக்கு இன்னோர் எண், 3006. மெய்யின் தலையில் இருக்கும் புள்ளிக்கும் தனி எண், 3021. இப்படிப் பிரித்தால் சாம்பல்தீவு பதினொரு குறி. யூடிஎஃப்-8 முறையில் அன்றாடத் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு பிடிக்கும், ஆகவே 33. ஸ்விஃப்ட் மட்டும் குறிகளைச் சேர்த்து, வாசகர் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை ஒன்றாக எண்ணுகிறது.

மொழிக்கு மொழி விடை மாறுவதில் வியப்பில்லை. அதே மொழியில் எழுதிய அதே நிரல் ஒரு கணினியில் ஒரு விடையும் மற்றதில் வேறு விடையும் தருவதுதான் உண்மையான தலைவலி. எங்கும் ஓட வேண்டும் என்று நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் நேரத்தில் கணிசமான பங்கை இதற்குச் செலவிடுகிறார்கள். தமிழ்ப் பெயர்களைக் கையாளும் நிரலில் இந்தத் தலைவலி இன்னும் விரைவாக வெளிப்படும். நிரல் நூலகங்களை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களைக் கொடுத்தே சோதித்தார்கள். ஆங்கிலத்தில் பைட்டு, குறி, எழுத்து மூன்றும் ஒன்றே. அந்த மூன்றும் பிரிகிற இடத்தில் ஒளிந்திருக்கும் பிழையைத் தமிழ்ச் சொல் ஒன்று ஒரே தட்டில் வெளியே கொண்டுவரும்.

நியமம் என்னும் ஒப்பந்தம்

சி மொழிக்கு அமெரிக்க நியமம் 1989இலும் பன்னாட்டு நியமம் 1990இலும் வந்தன. சி++ மொழியின் முதல் பன்னாட்டு நியமம் 1998இல் வெளியானது. நியமம் என்பது ஆவணம்; நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் கம்பைலர் அல்ல. ‘இப்படி எழுதினால் இப்படி நடக்க வேண்டும்’ என்று அது சொல்லும். அதைப் படித்துக் கம்பைலரையும் நியம நூலகத்தையும் கட்டுவது மைக்ரோசாஃப்ட், குனு, கிளாங் போன்ற பல தரப்பினர். ஒவ்வொருவருக்கும் பழைய வாடிக்கையாளர் உண்டு, பழைய நிரல் உண்டு, போதாத நேரம் உண்டு.

ஆகவே இரண்டு கணினிகள் முரண்பட்டால், நிரலாளர் முதலில் கேட்க வேண்டியது ‘எதில் பிழை?’ என்பதல்ல, ‘இது எந்த வகை முரண்?’ என்பது. நியமமே விட்டுக்கொடுத்த சுதந்திரம் ஒரு வகை. நியமத்தை மீறிய நடத்தை இன்னொரு வகை. இருக்கிறது என்று பெயருக்கு அறிவித்துவிட்டு உள்ளே வெறுமையாக இருப்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

முதல் வகைக்குச் சாம்பல்தீவின் முதல் பைட்டே சாட்சி. யூடிஎஃப்-8இல் எந்தத் தமிழ் எழுத்தும் 224 என்ற பைட்டோடுதான் தொடங்கும். சி மொழியின் ‘சார்’ என்ற வகை எதிர்ம எண்களை ஏற்குமா, ஏற்காதா என்பதை நியமம் கம்பைலரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. இன்டெல் கணினிகளில் அது ஏற்கும்; அங்கே 224 என்பது -32 ஆகத் தெரியும். ஆன்ட்ராய்டு கைபேசிகளில் உள்ள ஆர்ம் சில்லுகளில் ஏற்காது. அங்கே 224 அப்படியே 224. ‘இந்தப் பைட்டு 127ஐ விடப் பெரிதா? ஆம் என்றால் அது ஆங்கிலம் அல்ல’ என்று ஒருவர் எழுதிய வரி கைபேசியில் சரியாக ஓடும். மேசைக் கணினியில் ஒரு தமிழ் எழுத்தைக்கூட அடையாளம் காணாது.

இதிலேயே இன்னொரு படி உண்டு. ஒரு குறி எழுத்தா என்று கேட்கும் ஐஎஸ்ஆல்ஃபா என்ற நூலகச் செயற்கூறுக்கு கோப்பின் முடிவைக் குறிக்கும் ஒன்றைத் தவிர வேறு எதிர்ம எண்ணைக் கொடுக்கக் கூடாது என்பது நியமம். கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. லினக்ஸில் உள்ள குனு நூலகம் தன் அட்டவணையை -128 வரை நீட்டி வைத்து, தவறாக அழைப்பவரையும் தாங்கிக்கொள்கிறது. மைக்ரோசாஃப்டின் பிழைதேடும் பதிப்பு உடனே நிரலை நிறுத்தி எச்சரிக்கை காட்டும். ‘என் கணினியில் ஓடுகிறதே’ என்ற புகழ்பெற்ற வாக்கியம் இப்படிப்பட்ட இடங்களில்தான் பிறக்கிறது. இங்கே கம்பைலர் குற்றவாளி அல்ல. பைட்டை எதிர்மமற்ற வகைக்கு மாற்றிவிட்டு அழைத்தால் எங்கும் சரியாகும்.

மீறல்கள்

இரண்டாவது வகைக்கு 1998இல் வந்த மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ 6.0 பாடப்புத்தக உதாரணம். ஃபார் சுழற்சியின் தலைப்பில் அறிவித்த மாறி அந்தச் சுழற்சியோடு மறைய வேண்டும் என்பது சி++ நியமம். அந்தக் கம்பைலரிலோ மாறி சுழற்சிக்கு வெளியேயும் உயிரோடிருந்தது. அடுத்தடுத்து இரண்டு சுழற்சிகளில் ஒரே மாறிப் பெயரை அறிவித்தால், நியமப்படி சரியான நிரலை அது பிழை என்று தள்ளியது.

நிரலாளர்கள் கண்டுபிடித்த மாற்றுவழி தந்திரமானது. ‘ஃபார்’ என்ற சொல்லையே மேக்ரோவாக, அதாவது கம்பைல் ஆகுமுன் வேறு வரியாக விரியும் பெயராக வரையறுத்து, ‘ஒருபோதும் உண்மையாகாத ஒரு நிபந்தனை, அது இல்லாவிட்டால் ஃபார்’ என்று விரியும்படி செய்தார்கள். சுழற்சி முழுவதும் நிபந்தனையின் கிளைக்குள் அடங்கிவிடுவதால் மாறியும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் நியம நூலகத்தைப் பயன்படுத்தும் நிரலில் மொழியின் சிறப்புச் சொல்லை மேக்ரோவாக்கக் கூடாது என்பதும் அதே நியமத்தில் உள்ள விதி. நியமத்தை மீறிய கம்பைலரைச் சமாளிக்க, நிரலும் நியமத்தை மீற வேண்டியதாயிற்று.

நூலகத்தில் நடந்த மீறலுக்கு எஸ்என்பிரிண்ட்எஃப் நல்ல உதாரணம். குறிப்பிட்ட அளவுள்ள இடத்தில் உரையை எழுதித் தரும் செயற்கூறு அது. 20 பைட்டு இடத்தில் சாம்பல்தீவை எழுதச் சொல்வோம். 1999இன் சி நியமப்படி அது 19 பைட்டு எழுதி, இருபதாவதில் முடிவுக்குறி வைத்து, ‘முழுதும் எழுத 33 தேவைப்பட்டிருக்கும்’ என்று 33ஐத் திருப்பித் தர வேண்டும். மைக்ரோசாஃப்ட் நீண்ட காலம் தந்த, பெயருக்கு முன்னால் அடிக்கோடு போட்ட வடிவம் இருபது பைட்டையும் நிரப்பிவிட்டு, முடிவுக்குறி வைக்காமல், எதிர்ம எண் ஒன்றைத் திருப்பியது. முடிவுக்குறி இல்லாத உரையைப் படிக்கப் போகும் அடுத்த செயற்கூறு, நினைவகத்தில் அடுத்திருப்பதையெல்லாம் படித்துக்கொண்டே போகும். பாதுகாப்பு ஓட்டைகள் பல இப்படித் திறந்தவைதான். நியமப்படியான வடிவம் விஷுவல் ஸ்டூடியோ 2015இல்தான் வந்தது. குனு நூலகமும் இதில் சுத்தமில்லை: 2.0.6 பதிப்பு வரை, இடம் போதாவிட்டால் அது -1ஐத் திருப்பியது.

நியமத்தை அப்படியே பின்பற்றும் வடிவமும் நம் பெயரை என்ன செய்கிறது என்று பாருங்கள். 19 பைட்டில் ஆறு குறிகள் முழுதாக அடங்கும். ‘சாம்பல’ என்பதற்கு 18 பைட்டு. மிஞ்சிய ஒரு பைட்டு, புள்ளியின் மூன்று பைட்டுகளில் முதலாவது. திரையில் ‘சாம்பல’ என்று வந்து, அருகில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் நிற்கும். நியமத்துக்கு இணங்கி நடப்பது முதல் படிதான். எழுத்தின் எல்லை எங்கே என்பது சி நியமத்தின் கவலை அல்ல. வெட்டும் இடத்தைப் பின்னோக்கி நகர்த்தி எழுத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுபோகும் வேலை நிரலாளருடையது.

பெயர்ப்பலகையை நம்பாதே

மூன்றாவது வகைதான் ஆட்களை அதிகம் ஏமாற்றுகிறது. 2011இன் சி++ நியமம் உரைக்கோலங்களைத் தேடும் ‘ரீஜெக்ஸ்’ வசதியை நியம நூலகத்தில் சேர்த்தது. குனுவின் கம்பைலரான ஜிசிசியின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு 4.8இல் அதற்கான தலைப்புக் கோப்பு இருந்தது. நிரல் பிழையின்றிக் கம்பைல் ஆனது. ஓடும்போது சில கோலங்கள் பிழை வீசின; சில, பொருந்த வேண்டிய இடத்தில் பொருந்தவில்லை என்றன. உள்ளே இருக்க வேண்டிய வேலை எழுதி முடிக்கப்படவில்லை. 2014இன் ஜிசிசி 4.9இல்தான் அது நிறைவேறியது. கதவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். திறந்து பார்த்தவர்கள் தப்பினார்கள்.

கம்பைலரின் பெயரையும் பதிப்பையும் கேட்டு முடிவெடுக்கலாமே என்று தோன்றும். அங்கும் சிக்கல் உண்டு. கிளாங் கம்பைலர், பழைய நிரல்கள் தன்னை ஏற்க வேண்டும் என்பதற்காக, ‘நான் ஜிசிசி 4.2.1’ என்று அறிவித்துக்கொள்கிறது. எந்த ஆண்டின் சி++ நியமத்தைப் பின்பற்றுகிறாய் என்று கேட்டால், மைக்ரோசாஃப்டின் கம்பைலர் இன்றைக்கும் தனிக் கட்டளை கொடுக்காதவரை 1997ஐக் குறிக்கும் பழைய எண்ணையே சொல்லும். அந்த எண்ணை நம்பி எழுதிய பழைய நிரல்கள் உடையக் கூடாது என்பதே காரணம்.

எனவே ‘நீ யார்?’ என்று கேட்பதைவிட ‘உன்னால் இது முடியுமா?’ என்று கேட்பதே பலன் தரும். 1991இல் டேவிட் மெக்கென்சி எழுதத் தொடங்கிய ஆட்டோகான்ஃப் கருவி இந்த எண்ணத்தின் மேல் எழுந்தது. மென்பொருளைக் கட்டுவதற்கு முன் அது சிறு சிறு சோதனை நிரல்களை உருவாக்கிக் கம்பைல் செய்து பார்க்கும்; சிலவற்றை ஓட்டியும் பார்க்கும். விடைகளை ஒரு தலைப்புக் கோப்பில் எழுதிவைக்கும். மூல நிரல் அந்தக் கோப்பைப் பார்த்து வழி தேர்ந்தெடுக்கும். ஜிசிசி 4.8இன் வெற்றுக்கூட்டைப் பிடிக்க, கம்பைல் செய்வது போதாது. ஓட்டிப் பார்க்கும் சோதனைதான் வேண்டும். ஆனால் கைபேசிக்கான நிரலை மேசைக் கணினியில் கட்டும்போது, கட்டிய இடத்தில் அதை ஓட்ட முடியாது. அப்போது பெரும்பாலும் பதிப்பு எண்ணைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

சி++ மொழிக்கான பூஸ்ட் நூலகத் தொகுதி இன்னொரு வழியில் போனது. எந்தக் கம்பைலரில் எந்தக் குறை என்பதை அதன் தன்னார்வலர்கள் சோதித்து, ‘இந்த வசதி இங்கே இல்லை’ என்று சொல்லும் மேக்ரோக்களின் பட்டியலாக்கினார்கள். குறையின் பெயரால் கேள்வி கேட்கும் இந்தப் பழக்கத்தைப் பின்னாளில் நியமக் குழுவும் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு வசதிக்கும் தனித்தனி அடையாள மேக்ரோ வைத்துக் கேட்கும் முறை சி++20 நியமத்தின் பகுதியானது.

கொழும்பில் எழுதிய தடுப்புச் சுவர்

மாற்றுவழி எது என்று தெரிந்த பிறகு, அதை எங்கே எழுதுவது என்ற கேள்வி வரும். இதற்கு இலங்கையிலேயே பார்க்கத் தகுந்த உதாரணம் இருக்கிறது. அப்பாச்சி ஆக்ஸிஸ்2/சி என்பது சி மொழியில் எழுதிய இணையச் சேவை இயந்திரம். முதல் முழுப் பதிப்பு 2007இல் வந்தது. அதை எழுதியவர்களில் பெரும்பாலோர் லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன், டபிள்யூஎஸ்ஓ2 ஆகியவற்றைச் சேர்ந்த இலங்கையர். 2004 டிசம்பர் ஆழிப்பேரலை கிழக்குக் கரையை அழித்த பின் உருவான சஹானா பேரிடர் முகாமைத்துவ மென்பொருளும் இதே லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் குடையின் கீழ்தான் வளர்ந்தது.

விண்டோஸிலும் யுனிக்ஸ் குடும்பத்திலும் ஒரே மூல நிரல் ஓட வேண்டும் என்பது ஆக்ஸிஸ்2/சியின் இலக்கு. மைக்ரோசாஃப்டின் சி கம்பைலர் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு வரும்வரை, மாறிகளை நிரற்கட்டத்தின் தலையில்தான் அறிவிக்க வேண்டும் என்ற 1989இன் விதியிலேயே நின்றது. கோப்பு, நேரம், இழை, உரை அச்சிடல் என்று ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் வேறுவேறு பெயர். ஆக்ஸிஸ்2/சி குழு இந்த வேறுபாடுகளை நிரல் முழுவதும் தூவவில்லை. பயன்பாட்டு அடுக்கில் விண்டோஸுக்கு ஓர் அடைவு, யுனிக்ஸுக்கு ஓர் அடைவு என்று வைத்து, எந்தக் கணினி என்று உணர்ந்து சரியானதை இழுத்துக்கொள்ளும் ஒரு தலைப்புக் கோப்பை முன்னால் நிறுத்தியது. மேலே உள்ள நிரல் தனக்கே உரிய பெயர்களால் மட்டும் பேசும். கீழே யார் இருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை.

நம் வீடுகளில் வட்ட முள் பிளக்கும் சதுர முள் பிளக்கும் கலந்து கிடக்கின்றன. அதற்காக யாரும் மின்விசிறியின் வயரை வெட்டுவதில்லை. சுவரில் அடப்டர் ஒன்றைச் செருகிவிடுகிறோம். சுவர் மாறினால் அடப்டரைக் கழற்றினால் போதும், விசிறி அப்படியே இருக்கும். மாற்றுவழி நிரலும் சுவரருகே இருக்க வேண்டும். பயன்படும் இடமெங்கும் ‘விண்டோஸ் என்றால் இப்படி, லினக்ஸ் என்றால் அப்படி’ என்று எழுதினால், ஐந்தாண்டில் எது எதற்காக என்று எழுதியவருக்கே தெரியாமல் போகும்.

தமிழ் தொட்ட இடங்கள்

நம் உயர்தர மாணவர்கள் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பைத்தான் படிக்கிறார்கள். உரையில் உள்ள சொற்களை எண்ணும் பயிற்சிக்கு, சொல்லெழுத்துகளின் தொடரைத் தேடும் குறியீட்டைப் பயன்படுத்துவார்கள். அதைச் சாம்பல்தீவு என்ற ஒரு சொல்லின் மேல் ஓட்டினால் ஐந்து துண்டுகள் கிடைக்கும்: ச, ம, பல, த, வ. பைத்தானின் நியம நூலகம் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக ஏற்பதில்லை. அவற்றை வெட்டும் இடமாக எடுத்துக்கொள்கிறது.

இது எந்த வகை முரண்? பைத்தானின் சொந்த ஆவணத்தைப் படித்தால் முரணே இல்லை. எழுத்து, எண் என்று தன் உரைவகை எதை ஏற்கிறதோ அதுவே சொல்லெழுத்து என்று அது சொல்கிறது, சொன்னபடியே நடக்கிறது. யூனிகோடு அமைப்பின் ரீஜெக்ஸ் விதிமுறையைப் படித்தாலோ, சேர்ந்துவரும் குறிகளும் சொல்லின் பகுதி என்று தெளிவாக இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், மாறிகளுக்குப் பெயர் வைக்கும் இடத்தில் பைத்தான் யூனிகோடின் இன்னொரு விதியைப் பின்பற்றுகிறது. ஆகவே ‘சாம்பல்தீவு’ பைத்தானில் செல்லத்தக்க மாறிப் பெயர். ஆனால் ‘இந்தச் சொல்லில் உள்ளவை எல்லாம் எழுத்துகளா?’ என்று கேட்டால் இல்லை என்கிறது. ஒரே மொழியின் இரண்டு அறைகளில் இரண்டு சட்டம். இந்தக் குறை 2011இலேயே பைத்தானின் பிழைப்பட்டியலில் பதிவானது. அதன்பின்னும் நடத்தை மாறவில்லை.

மாற்றுவழி இரண்டு உண்டு. நியம நூலகத்துக்கு வெளியே ‘ரீஜெக்ஸ்’ என்ற பெயரிலேயே தனியாகக் கிடைக்கும் பைத்தான் தொகுதி யூனிகோடு விதிமுறையை நெருக்கமாகப் பின்பற்றுகிறது. சொல்லை முழுதாகவும் தரும், கண்ணுக்குத் தெரியும் எழுத்தெழுத்தாகவும் பிரிக்கும். மற்றது, எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் என்ற திறமூல நூலகம். பதினொரு குறிகளை ஆறு எழுத்தாகக் கூட்டித் தருவது அதன் அடிப்படை வேலைகளில் ஒன்று. யூனிகோடின் பொதுவிதி எல்லாத் தமிழ்க் கணக்கையும் தீர்ப்பதில்லை என்பதாலும் இப்படித் தமிழுக்கென்று ஓர் அடுக்கு தேவைப்படுகிறது. ‘க்ஷ’ நமக்கு ஓர் எழுத்து, பொதுவிதிக்கு இரண்டு.

திருகோணமலை என்ற பெயர் வேறொரு பொறியை வைத்திருக்கிறது. அதில் உள்ள ‘கோ’வின் குறியை 3019 என்ற ஒரே எண்ணாகவும் எழுதலாம், 3015, 3006 என்று முன்பாதி பின்பாதியாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடே இல்லை. யூனிகோடு இரண்டையும் சமமென்று அறிவித்திருக்கிறது. ஆனால் பைட்டுகளை ஒப்பிடும் சி நூலகத்துக்கு அவை வேறு சொற்கள். மேக் கணினிகளின் எச்எஃப்எஸ்+ கோப்புமுறை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. லினக்ஸ் எப்படிக் கொடுத்தோமோ அப்படியே சேமிக்கும். இரண்டு இடத்திலும் ஒரே களஞ்சியத்தில் வேலை செய்தவர்களுக்கு, ஒரே கோப்பு இரண்டு கோப்பாகத் தெரிந்தது. கிட் மென்பொருள் 2012இல் 1.7.12 பதிப்பில் இதற்கென்றே ஓர் அமைப்பைச் சேர்த்து, மேக்கிலிருந்து வரும் பெயர்களை மீண்டும் ஒட்டிவைக்கத் தொடங்கியது.

‘ஸ்ரீ’யில் சிக்கல் இன்னும் ஆழம். பழைய வழக்கில் அது ‘ஸ’வில் தொடங்கும். 2005இன் யூனிகோடு 4.1, 2998 என்ற எண்ணில் ‘ஶ’வைச் சேர்த்தது, அதன்பின் அதில் தொடங்கும் வடிவமும் வந்தது. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவமாகக் காட்டுகின்றன. இவை சமம் என்று யூனிகோடு அறிவிக்கவில்லை. எனவே எந்த நியம நூலகமும் இவற்றை ஒன்றாக்கித் தராது. ‘ஸ்ரீலங்கா’ என்று நாட்டின் பெயரைத் தரவுத்தளத்தில் தேடும் நிரல் இரண்டையும் தானே சமப்படுத்திக்கொள்ள வேண்டும். இதே ‘ஶ’ சி மொழியிலும் ஒரு தடம் விட்டிருக்கிறது. மாறிப் பெயரில் வரக்கூடிய தமிழ்க் குறிகளை 1999இன் சி நியமம் பட்டியலிட்டது. அப்போது ‘ஶ’ யூனிகோடில் இல்லை; எனவே பட்டியலிலும் இல்லை. அந்த நியமத்தை எழுத்துக்கு எழுத்து மதிக்கும் கம்பைலர் ‘ஶ’ உள்ள பெயரைத் தள்ளும். 2011இன் நியமம்தான் வேலியை அகலமாக்கியது. தமிழ் எழுத்துகளை நேரடியாக மாறிப் பெயராகத் தட்டச்சு செய்ய ஜிசிசி இடம் கொடுத்ததோ 2020இன் 10ஆம் பதிப்பில்.

கோப்பைத் திறப்பதிலும் இதே கதை. சியின் நியமச் செயற்கூறு கோப்புப் பெயரைப் பைட்டுத் தொடராகக் கேட்கிறது. அந்தப் பைட்டுகள் எந்த முறையில் இருக்க வேண்டும் என்று நியமம் சொல்லவில்லை. விண்டோஸ் தன் இயல்பான குறிப்பக்கத்தில் எதிர்பார்த்தது. இயல்பாக வைத்துக்கொள்ளத் தமிழுக்கென்று குறிப்பக்கம் எதுவும் இருக்கவில்லை. தமிழ்ப் பெயருள்ள கோப்பைத் திறக்க மைக்ரோசாஃப்டின் தனி அகல எழுத்துச் செயற்கூறை அழைப்பதே பல்லாண்டு மாற்றுவழியாக இருந்தது. 2019இன் விண்டோஸ் 10 பதிப்பிலிருந்துதான் ஒரு செயலி யூடிஎஃப்-8ஐத் தன் குறிப்பக்கமாகக் கேட்டு வாங்க முடிகிறது.

வரிசைப்படுத்தலும் அப்படியே. ஊர்ப்பெயர்களைக் குறி எண்களின்படி அடுக்கினால் மனையாவெளி முன்னால், மல்லிகைத்தீவு பின்னால். ‘ன’வின் எண் 2985, ‘ல’வின் எண் 2994 என்பதே காரணம். நெடுங்கணக்கிலோ ‘ன’ கடைசி. புள்ளியின் எண் உயிர்க்குறிகளின் எண்களை விடப் பெரிது. ஆகவே அகராதியில் முன்னால் வர வேண்டிய சம்பூர், சமுர்த்திக்குப் பின்னால் போய்விடும். நூலகத்தின் வரிசைச் செயற்கூறை அழைத்தால் தீருமா என்றால், அது எந்த நூலகம் என்பதைப் பொறுத்தது. ஆல்பைன் லினக்ஸில் உள்ள மசல் நூலகத்தின் வரிசைச் செயற்கூறு பைட்டுகளை மட்டும் ஒப்பிடுகிறது. குனு நூலகத்தில் மொழிவாரி அட்டவணை உண்டு. ஆனால் 2018இன் 2.28 பதிப்பில் அந்த அட்டவணைகள் பெருமளவில் மாறியபோது, பழைய வரிசையில் கட்டிய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளச் சுட்டிகள் உலகெங்கும் பிழைபட்டன. வரிசையை இயங்குதளத்திடம் விடாமல், ஐசியு என்ற யூனிகோடு நூலகம் போன்ற ஒன்றை நிரலோடு சேர்த்தே கொண்டுபோவது இதற்கு நடைமுறை மாற்றுவழி.

நியமம் வளைந்த கதை

எப்போதும் கம்பைலர்தான் திருந்த வேண்டும் என்பதில்லை. அகல எழுத்து வகையின் ஒரே இடத்தில் எந்த எழுத்தும் அடங்க வேண்டும் என்று சி++ நியமம் கேட்டது. விண்டோஸில் அந்த வகை 16 பிட்டு. 65,535க்கு மேல் எண் கொண்ட குறி அதில் அடங்காது, இரண்டு துண்டாகும். நாம் அன்றாடம் எழுதும் தமிழ் 2944 முதல் 3071 வரையிலான எண்களுக்குள் அடங்கிவிடுவதால் இந்தக் குறை தமிழர் கண்ணில் படவில்லை. 2019இன் யூனிகோடு 12.0, பழைய தமிழ்ப் பின்னங்களையும் கணக்குக் குறிகளையும் தனித் தொகுதியாகச் சேர்த்தது. அதன் முதல் குறி 320இல் ஒரு பங்கான முந்திரி, எண் 73,664. முந்திரிக் குறியை விண்டோஸில் ஓர் அகல எழுத்தில் வைக்கவே முடியாது. கோடிக்கணக்கான கணினிகளில் ஊறிவிட்ட அளவை மைக்ரோசாஃப்ட் மாற்றப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கடைசியில் 2022இல் நியமக் குழுவே இறங்கிவந்து, நடைமுறைக்கு ஏற்ப அந்த நிபந்தனையைத் தளர்த்தி சி++23இல் சேர்த்தது.

கம்பைலரும் மாறும், நியமமும் மாறும். அதனால்தான் அனுபவமுள்ள நிரலாளர்கள் மாற்றுவழியோடு மூன்று செய்திகளை எழுதிவைக்கிறார்கள்: எந்தப் பதிப்பின் எந்த நடத்தைக்காக இது, அந்த நடத்தையைக் காட்டும் மிகச் சிறிய சோதனை எது, எந்த நிலை வந்தால் இதை நீக்கலாம். இவை இல்லாத மாற்றுவழி, நோய் போன பின்னும் நிற்காத மருந்தாகிவிடும். ஃபார் மேக்ரோவுக்கு அதுதான் நேர்ந்தது. கம்பைலர்கள் திருந்திய பின்னும் சில தலைப்புக் கோப்புகளில் அது தங்கிப்போய், சரியான கம்பைலர்களில் புதிய எச்சரிக்கைகளைக் கிளப்பியது.

அந்தச் சிறிய சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. கம்பைலரையோ நூலகத்தையோ பராமரிப்பவருக்கு முறையீடு அனுப்பும்போது, ‘தமிழ் வேலை செய்யவில்லை’ என்ற வரியை வைத்து அவர் எதுவும் செய்ய முடியாது. ஐந்து வரி நிரல், எதிர்பார்த்த விடை, கிடைத்த விடை, பதிப்பு எண், நியமத்தின் எந்தப் பிரிவு அதைக் கோருகிறது என்ற குறிப்பு ஆகியவை இருந்தால் அவர் அதை அப்படியே தன் சோதனைத் தொகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்த பிறகு ஒவ்வொரு புதிய பதிப்பும் வெளிவருமுன் அந்தத் தமிழ்ச் சொல்லைத் தாண்டித்தான் போக வேண்டும். தமிழ் தெரியாத ஒருவர் எழுதும் மாற்றமும் தமிழை உடைத்தால் அன்றைக்கே பிடிபடும். மாற்றுவழி ஒரு நிரலைக் காப்பாற்றும். முறையீட்டோடு போன சோதனை, அந்த நூலகத்தை நம்பி இனி எழுதப்போகும் எல்லா நிரல்களையும் காப்பாற்றும்.